செக்கர் அக்கா செய்த பக்கம்

செக்கர் அக்காவால் ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. பதினோரு வருடம் சட்டைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே செக்கர் வேலை பார்த்த உடம்பு. தைத்து வரும் சட்டையை விளக்குக்கு அடியில் விரித்து, காலர், கை, பட்டன், ஓரம் என்று கண்ணை ஓட்டி, உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, தப்பு தெரிந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி. அப்படிப்பட்டவரை முப்பத்தேழு வயதில் கல்லூரிக் கணினி அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தபோது, முதலில் வலித்தது முதுகு. தலைவலி பிறகு வந்தது.

இந்த வம்பு தொடங்கியது மகளின் பள்ளி விண்ணப்பத்தில். கணினி மையத்தில் உட்கார்ந்து நான்கு முறை நிரப்பினார்கள். நான்கு முறையும் கடைசிப் பொத்தானை அழுத்தியதும் எழுதியதெல்லாம் மாயமாகி, வெற்றுக் கட்டங்கள் பல்லை இளித்தன.

"இதை யாருங்க செக் பண்ணி வெளிய விட்டது?" என்று அக்கா கேட்டார்.

மையக்காரர் சிரித்தார். "செக்கா? இதுக்கெல்லாம் ஏதுங்க செக்கு? வந்ததை வெச்சு ஓட்ட வேண்டியதுதான்."

பல்லிடுக்கில் மாட்டிய நார் போல அந்தப் பதில் அக்காவை விடவில்லை. செக் பண்ணாமல் ஒரு சாமானை எப்படி வெளியே விடுவார்கள்? சோறு பிசையும்போதும் அதே நினைப்பு, பேருந்தில் தொங்கும்போதும் அதே நினைப்பு. மூன்றாவது மாதம், கல்லூரியில் வலைப்பக்கம் செய்யச் சொல்லித் தரும் ஒரு வருடப் படிப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

வீட்டுக்காரர் மின்விசிறியும் அயர்ன் பாக்ஸும் பழுது பார்ப்பவர். திருகாணியை வாயில் கவ்விக்கொண்டே கேட்டார். "படிச்சு?"

"படிச்சு, பக்கம் செய்வேன்."

"நீ செய்ய மாட்டே. அடுத்தவன் செஞ்சதுல ஓட்டை கண்டுபிடிப்பே. கல்யாணத்தன்னிக்கு என் சட்டையில மூணாவது பட்டன் கோணலா இருக்குன்னு சொன்னவ நீ."

"கோணலாத்தான் இருந்துச்சு."

படிப்பில் முதல் இரண்டு மாதம் அடிப்படைப் பாடம். அது முடிந்ததும் ஒரு தேர்வு. தேறினால் மீதி பத்து மாதத்துக்கும் இடம் உண்டு. தேறாவிட்டால் வீட்டுக்கு. அக்கா தொழிற்சாலையில் இரண்டு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

"விடுப்பு முடியுற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உங்க டேபிளைக் காலியா வெச்சிருப்பேம்மா. அதுக்குள்ள வர்றேன், வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஆறு மணிக்கு லிஸ்ட் மேல போயிடும். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

தேர்வும் அதே வெள்ளிக்கிழமைதான். முடிவு திங்கட்கிழமை.

"திங்கக்கிழமை சொல்லட்டுமா சார்?"

"திங்கக்கிழமை அந்த டேபிள்ல வேற ஆள் நிப்பாங்கம்மா."

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் பத்தொன்பது, இருபது வயது. பாடம் எடுத்த மேடமே அக்காவைவிட ஒன்பது வயது இளையவர். முதல் நாள் மேடம் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து, மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி, அந்தப் பக்கம் எழுதப்பட்டிருந்த குறிகளை வரிசையாகக் காட்டினார். தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி, திறந்ததை மூட ஒரு குறி. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அக்கா மட்டும் எழுந்தே நின்றுவிட்டார்.

"மேடம், இதுதான் உள்பக்கமா?"

"உள்பக்கம்னா?"

"சட்டையைப் புரட்டினா தையல் தெரியுமே, அது மாதிரி."

"ஆமாக்கா. அப்படியே வெச்சுக்கலாம்."

அன்றிலிருந்து அக்காவுக்குப் பைத்தியம் பிடித்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் புரட்டிப் பார்த்தார். மூடாத குறி, இரண்டு முறை மூடிய குறி, பெயரில்லாத கட்டம். பக்கத்து இருக்கைப் பெண் எந்நேரமும் காதில் மாட்டிக்கொண்டு திரிவதால் எல்லாரும் அவளை ஹெட்போன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஒரு நாள் தன் பக்கத்தைச் சரிபார்த்துத் தரும்படி அக்காவிடம் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தால் அவளுடைய திரைக் கண்ணாடியில் ஏழு சிவப்பு அம்புகள்.

"ஐயோ அக்கா! என்ன இது?"

"தப்பு இருக்கிற இடமெல்லாம் ஒட்டியிருக்கேன். பாரு."

ஹெட்போன் மவுஸின் சக்கரத்தை உருட்டினாள். பக்கம் மேலே ஏறிப் போய்விட்டது, அம்புகள் நின்ற இடத்தில் நின்றன. மூன்றாவது அம்பு இப்போது ஒரு பூனைப் படத்தின் காதைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தது. வகுப்பே சிரித்தது. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நகத்தால் ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்தார். ஆனால் பக்கம் சட்டை போல ஓர் இடத்தில் நிற்காது என்ற விஷயம் மண்டைக்குள் முழுதாக இறங்கவில்லை.

இறங்காதது தேர்வுக்கான வேலையில் தெரிந்தது. ஒவ்வொருவரும் உண்மையான ஒரு தொழிலுக்கு ஒரு பக்கம் செய்ய வேண்டும். அக்கா வீட்டுக்காரரின் கடையை எடுத்துக்கொண்டார். மேலே கடையின் பெயர், படம், எந்தப் பொருளுக்கு எத்தனை நாள் ஆகும் என்று ஓர் அட்டவணை, கீழே பெயரும் போன் எண்ணும் கொடுத்து 'அனுப்பு' என்று அழுத்த ஒரு படிவம். தொழிற்சாலையில் பாக்கெட் எங்கே உட்கார வேண்டும் என்று அளவுத்தாளில் இருக்கும். கால் அங்குலம் தள்ளினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அக்கா பக்கத்தின் ஒவ்வொரு பெட்டிக்கும் மேலிருந்து இத்தனை திரைப்புள்ளி, இடமிருந்து இத்தனை புள்ளி என்று ஆணி அடித்தாற்போல் எழுதினார். பையிலிருந்து டேப்பை எடுத்துத் திரையின் மேல் வைத்து அளந்தும் பார்த்தார். பதினாலாம் எண் கணினியில் அந்தப் பக்கம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி நின்றது.

"அக்கா, சூப்பரா இருக்கு. கையெடுத்துட்டு எந்திரிங்க," என்றாள் ஹெட்போன்.

அக்கா எழுந்திருக்கவில்லை. படத்தை இரண்டு புள்ளி இடப்பக்கம் நகர்த்தினார். அப்புறம் ஒரு புள்ளி வலப்பக்கம்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆறு மணி. மறந்துடாதே."

"என்ன சொல்லட்டும்?"

"என்னைக் கேட்டா? நான் ஃபேனைத் திறந்து பார்க்காம எதுவும் சொல்ல மாட்டேன்."

"அம்மா ஃபெயிலாயிட்டா என்கூட உக்காந்து படிக்கட்டும்," என்றாள் மகள். அக்கா அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மதியம் மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். மேடம் மேசையில் கணினி இல்லை. தன் சொந்தப் போனை எடுத்து அக்காவின் பக்கத்தைத் திறந்தார். பக்கங்கள் எல்லாம் கல்லூரியின் சர்வரில் இருந்ததால் எதில் வேண்டுமானாலும் திறக்கலாம். இது அக்காவுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் ஒரு தடவைகூட அப்படித் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

கடையின் பெயர் பாதி தெரிந்தது. அட்டவணை வலப்பக்க ஓரத்தில் அறுந்து கிடந்தது. மேடம் விரலால் கீழே தள்ளினார், பக்கவாட்டில் தள்ளினார், மறுபடி கீழே தள்ளினார்.

"அக்கா, அனுப்புற பட்டன் எங்க?"

அக்கா குனிந்து போனைப் பார்த்தார். பட்டன் இல்லாத சட்டை. அவர் கையால் அப்படி ஒன்று மேசையைத் தாண்டியதில்லை.

"மேடம், இது ரிஜெக்ட். இதுக்கு மார்க் போடாதீங்க."

"அதை நான்ல சொல்லணும்?"

"நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடுறேன். பிரிச்சுத் தைச்சுக் கொண்டுவர்றேன்."

மேடம் பட்டியலைப் பார்த்தார். "இன்னும் பதினாலு பேர் இருக்காங்க. கடைசி ஆளா வாங்க. அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூடக் கிடையாதுக்கா."

அக்கா பதினாலாம் கணினிக்கு ஓடினார். நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு நின்றுகொண்டே வேலையைத் தொடங்கினார். அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒரு வரியை அழித்தால் பெட்டி ஒன்று தடாலென்று கீழே விழுந்தது. இன்னொரு வரி போனதும் படம் சரிந்து அட்டவணையின் மேல் உட்கார்ந்தது. இத்தனை நாள் உழைப்பு கண்ணெதிரே பொலபொலவென்று உதிர்ந்தது.

"அழகா இருந்துச்சேக்கா!" ஹெட்போன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

"அழகு இந்த ஒரு கண்ணாடிக்கு மட்டும்தான். உன் போனைக் குடு."

எல்லா அளவும் போன பிறகு மிஞ்சியது குறிகள் மட்டும். தலைப்பு, படம், அட்டவணை, படிவம், ஒன்றின் கீழ் ஒன்றாக. பார்க்க மொட்டையாக இருந்தது. ஆனால் ஹெட்போனின் போனில் திறந்தபோது எதுவும் ஓரத்தில் அறுபடவில்லை. பட்டன் இருந்தது. அழுத்தினால் படிவம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. படம் திரையின் அகலத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி, எழுத்து ஓரத்தில் ஒட்டாமல் இருக்க ஒரு வரி. கை இன்னும் பத்து வரி எழுதத் துடித்தது. நேரமில்லை.

மேடம் பார்த்தார், உருட்டினார், அழுத்தினார், தாளில் ஏதோ எழுதிக் கவிழ்த்து வைத்தார்.

"மேடம், தேறுமா தேறாதான்னு மட்டும்..."

"எல்லாருக்கும் திங்கக்கிழமைதான் அக்கா."

வாசலுக்கு வந்தபோது மணி ஐந்து பதினைந்து. அக்கா பேருந்து நிறுத்தத்தில் நின்றார். நின்றார் என்பது பேச்சுக்கு. அந்தக் கம்பத்துக்கும் இந்தக் கம்பத்துக்கும் நடந்தார். வர்றேன் என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான், திங்கட்கிழமை தேறியிருந்தாலும் படிப்புக்குப் போக முடியாது. வரலை என்றால் தேறாவிட்டால் கையில் எதுவும் இல்லை. மூன்று முறை சூப்பர்வைசரின் எண்ணை எடுத்தார், மூன்று முறையும் மூடினார்.

நடந்துகொண்டிருந்த கால் சட்டென்று நின்றது. தொழிற்சாலையில் கப்பலேறும் பெட்டிகளை எப்படி அனுப்புகிறார்கள்? எல்லாச் சட்டையையும் பார்ப்பதில்லை. பெட்டிக்கு எட்டு எடுப்பார்கள். ஒன்றில் மைனர், அதாவது சின்னத் தப்பு, என்றால் பெட்டி போகும். இரண்டில் என்றால் முழுப் பெட்டியும் திரும்பும். பட்டன் இல்லாதது போல மேஜர், அதாவது பெரிய தப்பு, ஒன்றே ஒன்று வந்தாலும் திரும்பும். யார் முகத்தையும் பார்க்காத கணக்கு அது. தன் பக்கத்தையும் அதே கணக்கில் எட்டு போனில் பார்த்துவிட வேண்டியதுதான், தாண்டினால் படிப்பு, திரும்பினால் தொழிற்சாலை.

அக்கா கல்லூரி வாசல் காவலாளியிடம் போனார். "அண்ணா, ஒரு நிமிஷம் உங்க போன்ல ஒரு பக்கம் திறந்து பார்க்கலாமா?"

"எதுக்கு? ரீல்ஸா?"

"அயர்ன் பாக்ஸ் ரிப்பேர்."

காவலாளியின் போனில் சரியாக இருந்தது. அடுத்து, இரு தோழிகளில் பூப்போட்ட குடை வைத்திருந்த ஒருத்தி. அதுவும் சரி. மூன்றாவது, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண். கண் சரியில்லையென்று எழுத்தை ஆகப் பெரிதாக வைத்திருந்தார். அட்டவணையில் 'மின்விசிறி'யின் கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. படிக்க முடிந்தது, பட்டனும் வேலை செய்தது. சின்னத் தப்பு. ஒன்று.

இனி ஐந்து. இன்னொரு சின்னத் தப்பு வந்தாலும் பெட்டி திரும்பிவிடும்.

நான்காவதாகக் கண்ணாடி போட்ட பெரியவர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஓடிபி கேப்பீங்க. டிவியில சொன்னாங்க."

"ஒண்ணும் கேக்க மாட்டேங்க. போனை நீங்களே வெச்சுக்குங்க, நீங்களே திறங்க. நான் தள்ளி நிக்கிறேன்."

அவர் திறந்து, கீழ்வரை உருட்டி, சத்தம் போட்டு வாசித்தார். "மின்விசிறி, ரெண்டு நாள். அயர்ன் பாக்ஸ், ஒரு நாள். ஒரே நாள்ல முடிச்சுருவாரா? பொய்யில்லையே?"

"அது அவர் பாடுங்க. பக்கம் சரியா தெரியுதா?"

"தெரியுது, தெரியுது."

ஐந்தாவது, உணவு கொண்டுபோகும் ஒரு பையன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே காட்டினான். திரையில் குறுக்கே ஒரு விரிசல். "அது உன் போன்ல இருக்கிற தப்பு. என்னுது இல்ல," என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆறாவது, வெள்ளை உடுப்பில் வந்த நர்ஸ். ஏழாவது, பூப்போட்ட குடைக்காரியின் தோழி. அதற்குள் பேருந்து வந்து பாதிப் பேரை அள்ளிக்கொண்டு போனது. மணி ஐந்து ஐம்பத்திரண்டு. கடையை மூடப்போன பழக்காரரை நிறுத்தி எட்டாவதைத் திறந்தார்.

சரியாக இருந்தது.

நம்ப முடியாமல் அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். கை ஒன்பதாவது போனைத் தேடியது. எதிர்ச்சாரியில் ஒருவர் நின்றிருந்தார், பழைய போன், அதில் நிச்சயம் ஏதாவது கிடைக்கும். கால் ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டது. ஆனால் ஒன்பதாவது எடுப்பது தப்பு. காப்பாற்றுவதற்காக எடுத்தாலும் தப்பு, கவிழ்ப்பதற்காக எடுத்தாலும் தப்பு. பதினோரு வருடத்தில் யாருடைய பெட்டிக்கும் அவர் ஒன்பது எடுத்ததில்லை.

எண்ணை அழுத்தினார்.

"சார், நான்தான்."

"சொல்லுங்கம்மா. கடைசி நேரத்துலதான் கூப்பிடுவீங்கன்னு தெரியும். திங்கக்கிழமை வந்துருவீங்கல்ல?"

"இல்ல சார். டேபிளை வேற யாருக்காவது குடுத்துருங்க."

அந்தப் பக்கம் தையல் எந்திரங்களின் இரைச்சல் கேட்டது. "பாஸ் பண்ணிட்டீங்களா? சந்தோஷம்மா."

"ரிசல்ட் திங்கக்கிழமைதான் சார்."

"என்னம்மா இது! ரிசல்ட்டே வராம வேலையை விடுறதா? ஃபெயில்னு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"எட்டு எடுத்துப் பார்த்தேன் சார். ஒரு மைனர்."

சூப்பர்வைசர் கேட்டார். "மேஜர்?"

"இல்ல சார்."

"அப்ப அனுப்ப வேண்டியதுதான்," என்று சொல்லிப் போனை வைத்தார்.

அக்கா போனில் மணி பார்த்தார். ஆறு மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. திருப்பிக் கூப்பிட்டு மாற்றிச் சொல்ல அது தாராளம். அக்கா போனைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.