அத்தாவுக்கு ஒரு ஆட்டுத்தோல்

அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தும் எங்கள் வீட்டை விட்டு ஆடு போகவில்லை. கறியைப் பங்கு வைத்துக் கொடுத்தாகிவிட்டது. தோலை மட்டும் அம்மா வழக்கம்போல மதரஸாவுக்குக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டாள். வாங்க வந்தவர், "சொந்தத்துக்கு வச்சுக்கலாங்க, விக்கத்தான் கூடாது" என்று கேட்காமலே ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார்.

தோல் என் அப்பாவுக்கு, நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். சவுதியில் இருந்த அத்தா, பெருநாளைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் அந்தக் குட்டியை வாங்கி என்னை வளர்க்கச் சொன்னார். லீவு கிடைக்கவில்லை. "ரூம் தரையில தொழுதா முட்டி வலிக்குதும்மா" என்று போனில் என்னிடம் சொன்னதை அம்மாவும் கேட்டிருக்கிறாள். அதனால் அந்தத் தோலையே பதப்படுத்தித் தொழுகை விரிப்பாக்கி, லீவு முடிந்து அங்கே திரும்பவிருந்த மாமாவிடம், அதாவது அம்மாவின் தம்பியிடம், கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு. ஆட்டுக்காக அழுது முகம் வீங்கியிருந்த எனக்கு இது பெரிய ஆறுதல். விலாப்பக்கம் வெள்ளைத் திட்டு இருந்தது. அத்தா அந்த இடத்தில்தான் நெற்றியை வைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

உரித்தவரிடம் கேட்டுக் கேட்டு அம்மா தானே செய்தாள். கத்தி முதுகால் சவ்வைச் சுரண்டி, கல் உப்பை அள்ளித் தேய்த்தாள். பிறகு படிகாரமும் உப்பும் கரைத்த தண்ணீரில் பிளாஸ்டிக் டிரம்முக்குள் ஊறப்போட்டாள். கொல்லைப்பக்கம் போக முடியாது, அப்படி ஒரு வீச்சம். "என்னங்க, தோல் மண்டியே வச்சுட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டு மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். அம்மா சிரித்தாள். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள்.

தோலை நிழலில் போட்டு, ஈரம் போவதற்குள் எண்ணெய் தடவி, கட்டில் சட்டத்தில் போட்டு மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். இழுக்காமல் விட்டால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். அம்மா இழுத்து இழுத்து அது அத்தாவின் பழைய கைலி போல மெத்தென்று ஆகிவிட்டது. நான் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஆட்டு வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது, எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் எழுந்தபோது மாமா பெட்டியோடு நின்றார். லீவு முடியவில்லையே என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஓடிப்போய்த் தோலைச் சுருட்டி எடுத்து வந்து நீட்டினேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் பதம் வரல" என்றாள்.

மாமா என் தலையில் கையை வைத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆசை காட்டி மோசம் செய்துவிட்டாளே என்று அம்மாவோடு டூ விட்டேன்.

விடியுமுன்னே போன் வந்திருக்கிறது. அத்தா நெஞ்சுவலியில் மௌத்தாகிவிட்டார். அங்கேயே அடக்கம் செய்வதற்குத்தான் மாமா ஓடினார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எனக்கு மட்டும் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். வீச்சத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி மூக்கைப் பொத்தவில்லை, கண்ணைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா யாரையும் பார்க்காமல் கட்டிலோரம் உட்கார்ந்து தோலை இழுத்துக்கொண்டே இருந்தாள். வெள்ளைத் திட்டில் முடி உதிரத் தொடங்கிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. சீக்கிரம் முடிந்தால் அடுத்து யாராவது சவுதி போகும்போது அனுப்பிவிடலாமே என்று, டூவை மறந்து எதிரில் போய் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்தேன்.

"இப்ப பதம் வந்துடுச்சாம்மா?"

"இல்ல. இழு."

அத்தாவுக்கு முட்டி வலிக்குமே என்று நானும் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன்.