முட்டைக்குள் கேட்ட சத்தம்

கரண்ட் போன நேரத்தில் ஜெனரேட்டரும் பழுதானதில், நாமக்கல்லில் எங்கள் குஞ்சு பொரிப்பகத்தில் மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள் சில்லிட்டுப் போயின. கொட்டிவிடலாம் என்றிருந்தபோது, பக்கத்துக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லித்தரும் உயரமான ஆசிரியை ஒருவர், விஷயம் கேள்விப்பட்டு, தான் வடிவமைத்த ஆம்ப்ளிஃபயருடன் வந்தார். சத்தம் எழாதிருக்க வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, குட்டி ஸ்பீக்கர் ஒன்றை அதில் இணைத்து ஒரு முட்டையோடு ஒட்டினார்.

“ஏனுங்க, கேக்கறதுக்கு மைக் வேண்டாமுங்களா?” என்றேன்.

“ஸ்பீக்கரே மைக்குங்க. சத்தம் பட்டா துளியூண்டு கரண்ட் வரும். அந்தக் கரண்டைத் தடுக்காம உள்ள உட்டுப் பெருசாக்கற மாதிரி மொத டிரான்சிஸ்டரைப் போட்டிருக்கேன்.”

ஹெட்போனை என் காதில் மாட்டினார். முதலில் வெறும் இரைச்சல். பிறகு, உள்ளிருந்து குஞ்சு முட்டையோட்டைக் கொத்தும் சத்தம்.

உசுரோட இருக்குதென்று நான் கத்த வாயெடுத்தேன்.

“மெதுவாங்க சாமி, அதுக்கும் கேக்கும்.”

இன்றும் முட்டைத் தட்டுகளுக்கு அருகில் போனால் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.