தீரன் திறக்காத ஏழாவது கதவு

தீரன் ஏழாவது கதவை ஏன் திறக்கவில்லை?

போன மே மாதம், அமெரிக்காவில் ஹூஸ்டனை அடுத்த பேர்லேண்டில், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா மேடையில் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். மேடையில் நின்ற பன்னிரண்டு வயது வெண்பாவுக்குப் பதில் தெரியவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டிய ஆள் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் வெண்பாவின் அப்பா சபரிநாதன். இது அவருடைய கதை.

சபரிநாதன் தாராபுரத்துக்காரர். வயது நாற்பத்தாறு. ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், ஃப்ரீவேயில் தனியாகக் காரோட்டும் பிழைப்பு. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் அவர் டெக்சஸில் இருப்பதில்லை. ஆடியோ புத்தகத்தைப் போட்டுவிட்டு மாயவர் நாட்டுக்குப் போய்விடுவார்.

அவர் கேட்ட கதைகளெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதைதான். ஒரு வீரன் தப்பு செய்து பேரைக் கெடுத்துக்கொள்வான். அரசன் துரத்திவிடுவான். அவன் மாயவர்கள் வாழும் காட்டுக்குள் நுழைவான். அங்கே ஒரு பழத்தைக் கடித்தாலும் திரும்பி வர முடியாது. அவர்களோ இனிக்க இனிக்கப் பேசிப் பழத்தை நீட்டிக்கொண்டே இருப்பார்கள். எல்லாவற்றையும் தாண்டி, இழந்த மானத்தை மீட்டுக்கொண்டு அவன் ஊர் திரும்ப வேண்டும். பதினைந்து வருடத்தில் இப்படி முந்நூறு புத்தகமாவது கேட்டிருப்பார். வெளியில் சொல்லத்தான் கூச்சம். விருந்துகளில் யாராவது, "டிரைவ் பண்றப்ப என்ன கேப்பீங்க?" என்றால், "பாட்காஸ்ட்தாங்க, டெக் விஷயம்" என்று மழுப்பிவிடுவார்.

வெண்பாவுக்கு மட்டும் உண்மை தெரியும். சனிக்கிழமை நீச்சல் வகுப்புக்குப் போகும்போது முன்சீட்டில் உட்கார்ந்து அவளும் கேட்பாள்.

"அப்பா, இவன் அந்தப் பழத்தைச் சாப்பிடுவான் பாருங்க. சோ டம்ப்."

"மாட்டான் கண்ணு. ஒருக்கா பட்டவன்."

"பெட்?"

"பெட்."

மார்ச் மாதம் தமிழ்ப் பள்ளியில் கதைப் போட்டி அறிவித்தார்கள். ஒன்பது பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. யாரும் சொல்லாமலே வெண்பா எழுதினாள். கோடு போட்ட தாளில், பென்சிலில், அரைப் பக்கம். தீரன் என்று ஒருவன் பொய் சொல்கிறான். ராஜா அவன் பேரைப் பிடுங்கிக்கொள்கிறார். மாயவர் ராணி அவனுக்குப் புதுப் பேர் தருவதாகச் சொல்கிறாள். அவன் வேண்டாம் என்கிறான். "தீரன் வீட்டுக்கு போனான். நான் பொய் சொன்னேன் என்று சொன்னான். எல்லாறும் கோவமா இருந்தாங்க. அவன் சரி என்றான்." அவ்வளவுதான் முடிவு.

மகள் நீந்திக்கொண்டிருந்த நேரத்தில், சபரிநாதன் காரில் உட்கார்ந்து மடிக்கணினியில் அதைத் தட்டெழுதத் தொடங்கினார். எழுத்துப் பிழையை மட்டும் திருத்துவதாகத்தான் எண்ணம். "எல்லாறும்" என்பதைத் திருத்தினார். பிறகு ஒரு வரி சேர்த்தார். காட்டை விவரித்தார். மாயவர் கோட்டைக்கு ஏழு கதவுகள் வைத்தார். மனதுக்குள் பதினைந்து வருடம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. மூன்று சனிக்கிழமைகள். வெண்பாவின் முடிவு சப்பென்று இருப்பதாகத் தோன்றியதால் அதை வெட்டிவிட்டார். ஒன்பதாவது பக்கத்தின் கடைசி வரியில், தீரன் ஏழாவது கதவைத் திறக்காமல் திரும்பி நடந்தான். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. மேலே வெண்பாவின் பேரைப் போட்டு அனுப்பினார்.

"ஸ்பெல்லிங் பாத்து அனுப்பிட்டேன் கண்ணு" என்றார். அவளும் நம்பினாள்.

முதல் பரிசு அவளுக்கு என்று விழாவில் அறிவித்தபோது, பக்கத்திலிருந்த மனைவி கண்மணியைவிடச் சத்தமாகக் கைதட்டியவர் அவர்தான். வெற்றி பெற்றவரிடம் நடுவர் ஒரு கேள்வி கேட்பது அங்கே வழக்கம். நடுவர் சேனாபதி அங்கிள், ஓய்வுபெற்ற பொறியாளர், கதையை மூன்று முறை படித்தவர்.

"தீரன் ஏழாவது கதவை ஏன் திறக்கலை கண்ணா? எனக்கு அது மட்டும் புரியவே இல்லை."

வெண்பா முழித்தாள். "கதவா? தேர் இஸ் நோ டோர் இன் மை ஸ்டோரி."

அரங்கமே சிரித்தது. அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அப்பா கைபேசியைப் பார்த்தார். திரையில் ஒன்றும் இல்லை.

"ஏஐ நல்லாவே தமிழ் எழுதுது போல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டாம் பரிசு வாங்கிய ஷ்ரேயஸின் அப்பா மகாதேவன். இன்னொரு சிரிப்பு. ஆசிரியை ரெபெக்கா சான்றிதழைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, "வெண்பா, அப்புறம் பேசுவோம்மா" என்றார்.

பேசினார்கள். கதையை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டதற்கு, "ஐ டோன்ட் நோ" என்பதைத் தவிர அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் பேர் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. அடுத்த ஞாயிறு, வருடத்தின் கடைசி வகுப்பில், அவள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கடிதம் படிக்க வேண்டும் என்று முடிவானது.

வீட்டில் கண்மணி நேராகவே கேட்டாள். "ஏனுங்க, நீங்கதான எழுதுனீங்க?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"அப்ப ரெபெக்காகிட்டச் சொல்லிப்போடுங்க."

"தனியா மெசேஜ் பண்ணிடறேன்."

மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் அழித்தார். ஊரே கூடிச் சிரித்துவிட்ட பிறகு தனியாக எதைச் சொல்வது? வேலைக்குப் போகும்போது ஆடியோ புத்தகத்தைப் போட்டார். வீரன் பேச ஆரம்பித்ததும் காது எரிந்தது. நிறுத்திவிட்டார். அந்த வாரம் முழுவதும் டயர் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வெண்பா பின்சீட்டில் ஏறினாள்.

"லெட்டர்ல என்ன எழுதியிருக்க கண்ணு?"

"ஸாரின்னு."

"எதுக்கு ஸாரி?"

"நீங்கதான் சொல்லணும்" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

பள்ளியின் உணவுக்கூடத்தில் பிள்ளைகளும் பெற்றோருமாக அறுபது பேர் இருந்தார்கள். வெண்பா தாளைப் பிரித்து, "எல்லாருக்கும் வணக்கம். நான் செஞ்சது..." என்று தொடங்கினாள். சபரிநாதன் எழுந்தார்.

"நிறுத்து கண்ணு. அதை நான் படிக்கோணும்." சொந்த ஊர்ப் பேச்சு அவரை மீறி வந்துவிட்டது. "கதையை எழுதுனது நானுங்க. ஏஐ இல்லை. அவளுக்கே தெரியாம அவ பேரைப் போட்டு அனுப்பினேன். அன்னைக்கு அவ என்னைப் பாத்தப்ப நான் போனைப் பாத்துட்டு இருந்தேன்."

மகாதேவன் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, இதுக்கா சபரி? உக்காருங்க. எங்க ஷ்ரேயஸ் கதையை நான்தான் எழுதினேன். யாருதான் எழுதலை? நீங்க ரொம்ப நல்லா எழுதிட்டீங்க, அதான் மாட்டிக்கிட்டீங்க!"

பெற்றோர்கள் நிம்மதியாகச் சிரித்தார்கள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. உட்கார்ந்தால் எல்லாம் முடிந்துவிடும். இனிக்க இனிக்க நீட்டப்படும் பழம் எப்படியிருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஷ்ரேயஸ் மட்டும் சிரிக்காமல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெண்பா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் உட்காரவில்லை.

"சேனாபதி அங்கிள், நீங்க கேட்டீங்களே, கதவை ஏன் திறக்கலைன்னு. திறந்தா உள்ளே அவன் ஏமாத்தின ஆளுங்க நிப்பாங்க. அவங்க முகத்தைப் பாத்து நான்தான்னு சொல்லணும். அதை எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியலை. வெண்பா எழுதியிருந்தா. நாலே வரி. குழந்தைத்தனமா இருக்குன்னு நான்தான் வெட்டிட்டேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ரெபெக்கா வெண்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த அரைப் பக்கத்தைக் கொண்டுவா, பள்ளிச் சுவரில் ஒட்டலாம் என்றார். வீட்டுக்குப் போனதும் சபரிநாதன் மேசை, அலமாரி, கார் டிக்கி எல்லாவற்றையும் துழாவினார். கிடைக்கவில்லை. தட்டெழுதி முடித்ததும் அவரே அதைப் பழைய தாள் தொட்டியில் போட்டது ஞாபகம் வந்தது.

"வரிக்கு வரி ஞாபகம் இருக்கு கண்ணு. நான் சொல்றேன், இல்லைன்னா எழுதித் தரட்டா?"

"வேண்டாம்." வெண்பா கதவருகில் நின்றிருந்தாள். "நீங்க எழுதாதீங்கப்பா."

அவர் சரி என்றார். அதற்குப் பிறகு ஆறு சனிக்கிழமைகள் அவள் பின்சீட்டில்தான் உட்கார்ந்தாள். ஏழாவது சனிக்கிழமையும் பின்சீட்டில்தான். ஆனால், "அந்தப் புக்கைப் போடுங்க, நிறுத்தின இடத்துலேர்ந்து" என்றாள்.

இதையெல்லாம் என்னிடம் சொன்னவர் சபரிநாதன்தான். பேரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "என் பேரையே போடு தம்பி. இந்தத் தடவையாவது சரியான பேர் இருக்கட்டும்" என்றார். வெண்பாவிடமும் கேட்டேன். தோளைக் குலுக்கி, "ஓகே" என்றாள்.

உங்கள் ஊரிலும் தமிழ்ப் பள்ளி இருக்கும். கதைப் போட்டி அறிவிப்பும் வரும். அது வருவதற்கு முன் அங்கே பிள்ளைகள் படிக்கும் யாருக்காவது இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். அப்படியே சொல்லுங்கள், எதையும் திருத்தாமல்.