பன்னிரண்டாவது துணி

பட்டறைத் தெருவில் அவரை எல்லோரும் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, "வலது பக்கம் முன் பேரிங் போயிடுச்சு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். வண்டிக்காரர் இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் ஜாக்கி தயாராக நிற்கும். இருபத்திரண்டு வருடம் அந்தக் காதை நம்பித்தான் குடும்பம் ஓடியது. அது மண்ணைக் கவ்வியது மச்சானின் காரிடம்.

மச்சான், அவர் மனைவியின் அண்ணன். பழைய டர்போ டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறவர். சமதளத்தில் அது பூனை மாதிரி சத்தமில்லாமல் போகும். மேம்பாலம் வந்தால்தான் வினை. ஆக்சிலேட்டரை மிதித்தால் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும். பிறகு கருப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி ஏறும்.

"மாப்பிள்ளை, நேத்து பாலத்து மேல பின்னாடி வந்த லாரிக்காரன் அடிச்ச ஹாரன்ல எனக்குப் பாதி உசுரு போயிடுச்சு. பின்சீட்ல இருந்த அம்மா, 'தம்பி, நான் இறங்கித் தள்ளட்டுமா'ன்னு கேக்குறாங்க!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டிய தாளில் சிரிக்க ஒன்றுமில்லை. புகைச் சோதனையில் இரண்டு முறை தோற்றாயிற்று. வியாழக்கிழமை மூன்றாவது, கடைசி முறை. அதிலும் தோற்றால் வாடகை உரிமம் ரத்து. ஐம்பத்து நான்கு வயதில் ஸ்டீயரிங்கைப் பிடிப்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு எதுவும் தெரியாது.

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

காதுக்காரர் முதலில் காது கொடுத்தார். நின்ற இடத்தில் இன்ஜின் குறை சொல்ல முடியாதபடி ஓடியது. காற்றுக் குழாய்களில் சோப்புத் தண்ணீரைத் தடவினார். எங்கும் ஒரு குமிழிகூட வரவில்லை. சைலன்சரைக் கழற்றித் தட்டினார். ஒரு கைப்பிடி அளவு கரி கொட்டியது. மாட்டி ஓட்டினால் பாலத்தில் அதே நொண்டல். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைச் சோதனைக்கு அனுப்பினார்; நான்கும் நன்றாக இருக்கின்றன என்று திரும்பி வந்தன. கம்ப்யூட்டர் கருவியை இரவல் வாங்கிச் செருகினார். காற்றழுத்தம் குறைவு என்றது.

"அது எனக்கே தெரியும்டா. ஏன்னு சொல்லு!" என்று கருவியோடு சண்டை பிடித்தார்.

புதன்கிழமை டர்போவையே கழற்றிவிட்டு, வேறு காரின் டர்போவை மாட்டிப் பார்த்தார். மாலை நாலு மணிக்கு மேம்பாலத்தின் பாதியில், புகைக்கு நடுவே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அடுத்த கடை எலக்ட்ரீஷியன் பைக்கில் பக்கத்தில் வந்து, "காதுக்காரரே, முதல்ல அந்தக் காதைக் கழட்டி சர்வீஸ் பண்ணுங்க" என்றான். வழக்கமாக அவனுக்கு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவர், அன்று கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

வியாழக்கிழமை அவரும் கூடவே போனார். சோதனை நிலையத்து ஆள் புகைக்குழாய்க்குள் கம்பியைச் செருகி, "மிதிங்க" என்றார். மச்சான் மிதித்தார்.

"என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றபடி அந்த ஆள் சிவப்பு முத்திரையைக் குத்தினார். குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உரிமம் போன, புகை கக்கும் வண்டியை வாங்க ஆளில்லை; அது பழைய இரும்புக் கடைக்குப் போனது. "உங்க கைக்கே அகப்படலன்னா அது எவன் கைக்கும் அகப்படாது, விடுங்க மாப்பிள்ளை" என்று மச்சான்தான் அவரைத் தேற்றினார். தேற்றல் முள்ளாகத் தைத்தது.

காதுக்காரர் பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனார். காரின் முன்பக்கத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர், அலுமினியக் குவியலில் தனியே கிடந்தது. அவர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. ஓட்டை இருக்கிறதா என்று வெளியே தேடினாரே தவிர, அடைப்பு இருக்கிறதா என்று உள்ளே பார்க்கத் தோன்றவில்லை. குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தார். கருப்பாக ஏதோ தெரிந்தது. குறட்டால் பிடித்து இழுக்க இழுக்க வந்தது. எண்ணெயில் ஊறிய துணி. ஒரு மூலையில் நீலப் பூ.

அவர் வீட்டுப் பழைய படுக்கை விரிப்பின் பூ அது.

குழாயைக் கழற்றினால், திருகாணி எதுவும் உள்ளே விழாமலிருக்க அதன் வாயில் துணியைத் திணிப்பது அவர் வழக்கம். பட்டறைத் துணிகளை மனைவிதான் கிழித்துக் கொடுப்பாள், வாரம் ஒருமுறை துவைப்பாள். பன்னிரண்டு போனால் பன்னிரண்டு திரும்ப வேண்டும். சில மாதங்களுக்கு முன், மழை தொடங்கிய வாரத்தில் கொடிக்குப் பக்கத்தில் நின்று, "என்னங்க, ஒண்ணு குறையுது" என்றாள். "காத்துல பறந்திருக்கும். துணிக்கெல்லாம் ஆஜர் எடுப்பியா நீ?" என்று சிரித்தார். அந்த வாரம் பட்டறையில் எண்ணெய் கசிந்த டர்போவுக்கு அவர் சீல் மாற்றிய கார் மச்சானுடையது. திணித்த துணி உள்ளே நழுவி, எண்ணெய் குடித்துக் கனத்து, நகர்ந்து நகர்ந்து இன்டர்கூலர் வாயில் போய் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் மூச்சு வாங்கும்போதெல்லாம் தொண்டையை அடைத்திருக்கிறது.

அந்தத் துணியைப் பட்டறைத் தண்ணீர்க் குழாயில் மூன்று முறை சோப்புப் போட்டுத் துவைத்தார். கறை போகவில்லை. பூ மட்டும் இன்னும் பளிச்சென்று ஆனது. ஈரத்தோடு வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மச்சான் அங்கேதான் இருந்தார். ஏதோ கிடங்கில் காவல் வேலை, அதற்கான விண்ணப்பத்தைக் காதுக்காரரின் மனைவி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், இது உங்க வண்டிக்குள்ள இருந்துச்சு. நான் வச்சு மறந்தது."

மச்சான் துணியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "இதுவா? இவ்வளவு நாளும் இதுவா?"

"ஆமா."

"அப்போ இதை எடுத்துட்டா வண்டி பாலம் ஏறுமா?"

"ஏறும்."

மச்சான் சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய் ஒரு காலைச் செருப்புக்குள் விட்டார். "வாங்க, போவோம். கடைக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"முன்பக்கத்தை வெட்டிட்டாங்க மச்சான்."

ஒரு காலில் செருப்போடு மச்சான் அப்படியே படியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் காதுக்காரருக்கு நிற்க ஒரு இடம் கிடைத்திருக்கும். மச்சான் திட்டவில்லை. "விண்ணப்பத்துல எத்தனை வருஷ அனுபவம்னு கேட்டானே, என்ன போட்ட?" என்று தங்கையிடம் கேட்டார்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். துணியை வாங்கிக்கொண்டுபோய்க் கொடியில் மற்றவற்றுக்குப் பக்கத்தில் போட்டாள். எப்போதும் கையோடு எண்ணிவிடுகிறவள், அன்று எண்ணாமலே உள்ளே வந்தாள்.