ஜெட்டை நிற்கப் பழக்கிய நாட்கள்

ஓடத் தெரிந்த மாட்டுக்கு நிற்கப் பழக்குவதும், கதைக்கத் தெரிந்த பெட்டைக்கு வாயை மூடப் பழக்குவதும் ஒரே வேலைதான். இரண்டையும் ஒரே மாதத்தில் அனுபவித்தவள் நான். கயிறு இழுத்து உள்ளங்கை உரிந்தவர்கள், காலில் குளம்பு ஏறி நகம் கறுத்தவர்கள், "கொஞ்சம் பொறு ராசா" என்று மாட்டைக் கெஞ்சி ஊராரிடம் பகிடி வாங்கியவர்கள் எல்லாரும் கிட்ட வாருங்கள். இது எங்களுடைய பாடு.

எங்கள் வளவு கண்டாவளையில். ஜெட், அப்பா ஓட்டிய சவாரி மாடு. வண்டில் சவாரி பார்க்காதவர்களுக்கு: இரண்டு மாடு, ஒரு சின்ன வண்டில், நீளத் திடல், இரண்டு கரையிலும் கத்தும் சனம். ஐந்து வருடமாகச் சோடியின் வலப்பக்கத்தில் ஓடிய வெள்ளை நாம்பன் அவன். போன வருடம் முன்னங்கால் முழங்கால் வீங்கியது. நடக்கலாம், சவாரி ஓடக்கூடாது என்று மாட்டு டொக்டர் சொல்லிவிட்டார். சோடி மாட்டை யாழ்ப்பாணத்து ஆட்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். ஓடாத சவாரி மாட்டைத் தேடி வருவது ஒரே ஒரு வாகனம், இறைச்சிக்கு ஏற்றுகிற லொறி.

லொறிக்கு முதல் நெடுங்கேணியிலிருந்து வசந்தி அக்கா வந்தா. பால் பண்ணை வைத்திருப்பவ. ஜெட்டின் திமிலைப் பார்த்தபடி அரை மணித்தியாலம் வேலியோடு நின்றா. "என்ர பசுக்களுக்கு இப்பிடி ஒரு நாம்பன்தான் தேடுறன். ஆனா என்ர பண்ணையில வேலை செய்யிறது முழுக்கப் பொம்பிளையள். ஒரு பொம்பிளை கயிறு பிடிக்க, சனத்துக்கு நடுவில இவன் குழப்படி இல்லாமல் நிக்கவேணும். மாசக் கடைசியில கிளிநொச்சியில மாட்டுக் கண்காட்சி இருக்கெல்லே, அங்க வந்து பாக்கிறன்" என்றா.

அப்பா என்னைப் பார்த்தார். "நிண்டால் நெடுங்கேணி. நிக்காட்டி லொறி. சோதினை எழுதிப்போட்டுச் சும்மாதானே இருக்கிறாய், நீ பிடி கயிறை."

சும்மா இருக்கவில்லை. ஊராரின் குரல்களை எடுத்து ஊராருக்கே திருப்பிக் கொடுப்பது என் முழுநேரத் தொழில். அதிபர், பஸ் நடத்துனர், கோயில் ஐயர், ஒருவரையும் விட்டதில்லை. ஊரில் எனக்குப் பெயர் றேடியோ.

இடப்பக்கம்

முதல் நாள் காலமை கயிற்றைப் பிடித்து "வா" என்றேன். வரவில்லை. இழுத்தேன். மதில் மாதிரி நின்றான். நிற்கத்தானே பழக்கவேண்டும், வேலை முடிந்தது என்று ஒரு நிமிடம் சந்தோசப்பட்டேன். பிறகுதான் விளங்கியது, அவனுக்குத் தனிய நடக்கத் தெரியாது. ஐந்து வருடமாக இடப்பக்கத்தில் ஒரு உடம்பு இருந்தது. அது அசைந்தால் இவன் அசைவான். இப்போது அந்தப் பக்கம் வெறும் காற்று. தலையைத் திருப்பித் திருப்பி அந்தக் காற்றை மணந்து பார்த்தான்.

நான் இடப்பக்கத்துக்குப் போனேன். தோளை அவன் கழுத்தோடு சேர்த்து, சோடி மாடு மூக்கால் விடுகிற அந்த 'ப்ப்ர்ர்' சத்தத்தை விட்டேன். காது ஒன்று என் பக்கம் திரும்பியது. ஓர் அடி வைத்தேன். அவனும் வைத்தான். தைப்பனி ஒழுங்கை முழுக்க நிரம்பியிருந்தது. வேலிகள் இல்லை, வீடுகள் இல்லை. இரண்டு மூச்சும் ஒரே புகையாக முன்னால் போக, நாங்கள் அதற்குப் பின்னால் போனோம். கொஞ்ச நேரத்தில் எந்தக் கால் என்னுடையது என்று எனக்கே சந்தேகம். பாலுக்குப் போன பக்கத்து வீட்டுச் செல்வமணி மாமி பனிக்குள்ளிருந்து சைக்கிளோடு வெளிப்பட்டு, இறங்கி, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. "எடியே றேடியோ, இதில எது ஜெட்?"

ஏ பிரிவு இறுதிப் போட்டி

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது. சவாரித் திடலில் அறிவிப்புச் செய்பவரின் குரல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அது தொண்டையில் பிறப்பதில்லை, மூக்கின் உச்சியில் பிறந்து ஒலிபெருக்கியில் வளர்வது. மூன்றாம் நாள் பின்னேரம் அம்மா கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றா. ஜெட் கொடிக்குக் கிட்ட நின்றான். பக்கத்தில் ஒரு வெறும் வாளி. இப்படி மூன்றும் ஒன்றாக அமைந்தால் உங்கள் வாய் சும்மா இருக்குமா? வாளியை வாயில் கவிழ்த்தேன். "அன்பான சவாரி இரசிகப் பெருமக்களே! ஏ பிரிவு இறுதிப் போட்டி! சோடிகள் உடனடியாகக் கோட்டுக்கு..."

'வரவும்' என்பதற்குள் ஜெட் போய்விட்டான். கொடி போனது, கத்தரிப் பாத்தி போனது, வேலிப் படலை போனது. கதிர் தள்ளிய வயலுக்கு நடுவே போய்த்தான் நின்றான். கொம்பில் அம்மாவின் நாவல் நிறச் சேலை முழு நீளத்துக்கும் விரிந்து, பின்னேர வெயிலில் மெல்ல மெல்ல அலைந்தது. ஓட மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கிட்டப் போனபோதுதான் அவனுடைய வீங்கின முழங்கால் நடுங்குவதும், இடப்பக்கம் திரும்பித் திரும்பிச் சோடியைத் தேடுவதும் தெரிந்தது. அதற்குப் பிறகு மூன்று நாள் பழக்கல் இல்லை. டொக்டர் வந்து மருந்து பூசி, கையைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "முழங்காலுக்கு மருந்து போட்டிருக்கிறன். வாய்க்குப் போட என்னட்ட ஒண்டும் இல்லை."

மீன் வண்டிக்குப் பின்னால்

சத்தத்துக்குப் பழக்கவேண்டும் என்ற ஞானம் எனக்கு அப்போதுதான் வந்தது. முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருகிற நிசார் நானாவிடம், வருகிற நாளெல்லாம் படலையடியில் நின்று ஹோர்னை மெதுவாக ஒருதரம் அடிக்கச் சொன்னேன். அவர் அடிப்பார், ஜெட் துள்ளுவான், நான் ஒரு பிடி புண்ணாக்குக் கொடுப்பேன். நாலாம் நாள் துள்ளல் நின்றது. பத்தாம் நாள் ஹோர்ன் சத்தம் பெரிய றோட்டில் கேட்கும்போதே ஜெட் படலையைத் தலையால் தள்ளிக்கொண்டு வரவேற்கப் போய்விட்டான்.

நானா நிறுத்தவில்லை, இவனும் நிற்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஊர, மீன் பெட்டிக்குப் பின்னால் வெள்ளை நாம்பன் ஆறுதலாக அசைந்து அசைந்து வர, அதன் இடப்பக்கத்தில் நான், எங்களுக்குப் பின்னால் மூன்று பூனைகள். ஒழுங்கை முழுக்க இப்படியே போனோம். சுவாமி வீதி உலா வருவது மாதிரி இருந்திருக்கவேண்டும். சட்டியோடு மீன் வாங்க வந்த ஒரு அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டா. ஒருவரும் மீன் வாங்கவில்லை. ஒழுங்கை முடிவில் நிசார் நானா எஞ்சினை நிறுத்திவிட்டு ஜெட்டின் நெற்றியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார். "மகள், நாளைக்கு நான் வாற வழியை மாத்தவா, இல்லாட்டி மீனை விட்டுட்டுப் புண்ணாக்கு யாவாரம் தொடங்கவா?"

பின்னால் நிற்பது

பயமெல்லாம் பின்னால்தான் இருந்தது. சவாரி மாட்டுக்குப் பின்னாலிருந்து நல்லதொன்றும் வந்ததில்லை. தடி, வாலை முறுக்குகிற கை, துரத்துகிற சனம், எல்லாம் அந்தப் பக்கம். கண்காட்சியிலோ நடுவர் பின்னால் வந்து தொட்டுப் பார்ப்பார். எனவே விடியப்புறம் ஐந்தரைக்குக் குளக்கட்டுக்குக் கொண்டு போய், கயிற்றை மருதமரத்தில் கட்டிவிட்டு, அவனுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி நின்றேன். பின்னாலிருந்து வருகிற எந்தக் குரலும் அவனுக்குத் தடிதான். அதனால் குரலே இல்லாமல் நின்றேன். பிறந்ததிலிருந்து நான் அப்படி நின்றதில்லை.

முதல் இரண்டு நாளும் வாய்க்குள் அதிபரும் நடத்துனரும் முட்டி மோதினார்கள். பிறகு அவர்களும் நித்திரையாகிவிட்டார்கள். குளத்துக்குள் நிற்கிற பட்ட மரங்களில் கொக்குகள் ஒவ்வொன்றாக வெளிச்சமாகும். பனி கூடின நாளில் வெள்ளை மாடு முழுக்க அதற்குள் கரைந்து, வால்குஞ்சம் மட்டும் ஆகாயத்தில் தொங்கும். நான் அந்தக் குஞ்சத்தோடு மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். இருபது அடி பதினைந்தாகி, பத்தாகி, ஒரு நாள் நான் கையை நீட்டினால் தொடலாம் என்று வந்தது. நீட்டினேன். குளத்தில் கல் விழுந்தது போல அவன் தோலில் ஒரு வட்டம் விரிந்து விரிந்து போய் அடங்கியது. பிறகு ஒன்றும் இல்லை. என் கை அங்கேயே இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் படலையடியில் செல்வமணி மாமி. "கிழமைக்கணக்கா உன்ர சத்தத்தைக் காணேல்லை, பிள்ளைக்குக் காய்ச்சலோ எண்டு இப்பதான் கொம்மாவைக் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

அப்பாவின் கை

கண்காட்சிக்கு நான்கு நாள் இருந்தது. நடுவர் ஆம்பிளையாகத்தான் இருப்பார், ஒரு ஆம்பிளை பின்னால் நிற்கவும் பழகவேண்டும் என்று அப்பாவைக் கூப்பிட்டேன். கையைக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் வந்து நின்றார். ஜெட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தில் தொடங்கிய நடுக்கம் முதுகு வழியாக வால் வரைக்கும் போனது. நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தான். ஓட முயலவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அப்பா பின்பக்கமாகவே அடி வைத்து விலகிப் போய்க் குளக்கட்டில் குந்தினார். அப்பாவின் குரலை நான் எடுத்தால் வீடே உருண்டு சிரிக்கும். அன்றைக்கு அந்தக் குரலை அவரே எங்கேயோ தொலைத்துவிட்டார் போல இருந்தது. வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். "நான் கையைக் கட்டிக்கொண்டு நிண்டாலும் அவனுக்கு என்ர கைதான் தெரியுது, பிள்ளை."

கயிற்று வட்டம்

அடுத்த மூன்று விடியலும் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இருபது அடி தள்ளி நின்றார். மூன்றாம் நாள் பன்னிரண்டு அடி. அதற்கு மேல் நாள் இருக்கவில்லை. ஜெட்டை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டு போனோம்.

ஒலிபெருக்கி, ஐஸ்கிறீம் வான், பிள்ளைகளின் ஊதுகுழல், எல்லாம் இருந்தன. ஆனால் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலத் தூரத்தில் இருந்தன. நான் இடப்பக்கம், அவன் வலப்பக்கம். வட்டத்தை ஒருதரம் சுற்றி வந்து நடுவில் நின்றோம். நடுவர் கண்ணாடி போட்ட மெல்லிய மனிதர். பல்லைப் பார்த்தார், திமிலைப் பார்த்தார், பிறகு பின்னால் போனார். கயிற்றுக்கு வெளியே அப்பாவின் வாய் ஏதோ முணுமுணுத்தது. பக்கத்தில் குடைக்குக் கீழே வசந்தி அக்கா. நடுவரின் கை ஜெட்டின் முதுகடியில் பட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கயிறு இழுபடவில்லை. அது மெதுவாகக் கீழே போனது. கண்ணைத் திறந்தால் ஜெட் முன்னங்காலை மடித்து, பின்னங்காலை மடித்து, ஒரு பெரிய மூச்சு விட்டு, கிளிநொச்சிச் சனம் முழுக்கப் பார்க்கப் படுத்து அசைபோடத் தொடங்கியிருந்தான். ஒன்றை உங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். குளக்கட்டில் ஒவ்வொரு நாளும் தொட்டு முடிந்த பிறகு எனக்கு நித்திரை வரும். அவனைப் படுக்கவைத்து, அவன் வயிற்றில் சாய்ந்து, வெயில் முகத்தில் அடிக்கும்வரை நானும் கண்ணயர்வேன். பின்னால் கை பட்டால் படுக்கவேண்டும் என்பதுதான் நான் உண்மையாகப் பழக்கிய பாடம்.

சனம் சிரித்தது. "தங்கச்சி, காலைப் பாக்காமல் புள்ளி போட ஏலாது, எழுப்புங்கோ" என்றார் நடுவர். தள்ளினேன், கெஞ்சினேன், 'ப்ப்ர்ர்' விட்டேன். காதை மட்டும் ஆட்டினான். நடுவர் புத்தகத்தில் ஒரு கோடு கீறிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போனார். நின்றால் நெடுங்கேணி. இவன் நிற்கவில்லை. என் வாயிலிருந்து ஒரு அழுகை வந்தது. அது ஒருவருடைய குரலும் இல்லை.

அப்போது வசந்தி அக்கா குடையை மடக்கிவிட்டுக் கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே வந்தா. நேரே ஜெட்டுக்குப் பின்னால் போனா. முதுகில் தட்டினா, வாலைத் தூக்கிப் பார்த்தா, பின்னங்காலை இழுத்துக் குளம்பைத் தடவினா. அவன் அரைக்கண்ணை மூடிக்கொண்டு அசைபோட்டான். அவா எழும்பிச் சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டி, அப்பாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னா. "அண்ணை, நான் நிக்கிற நாம்பன்தான் கேட்டனான், இது அதைவிட நல்லது! நாளைக்கு உழவு இயந்திரம் விடுறன், லொறிக்காரனுக்கு வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

மறுநாள் ஜெட் பெட்டியில் ஏறும் வரைக்கும் அவன் இடப்பக்கத்தில் நடந்து போனேன், பிறகு என் வலப்பக்கம் வெறும் காற்று. ஓடுகிற மாட்டை நிறுத்த ஒரு மாதம் போதும், ஆனால் பழக்கின ஆள் பழையபடி ஊராரின் குரலில் கத்தத் தொடங்க எத்தனை மாதம் வேண்டும் என்று இந்தத் தொழிலில் ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.