ஒளித்து வைத்த பெயர்

எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு வயது நிறைவதற்குள் போய்விட்டன. மூன்றாவதாகப் பெண் பிறந்ததும் ஜீயபுரத்தில் எங்கள் தெருப் பெண்கள் குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் அதை எடுத்துக்கொண்டாள். என் மனைவி ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள். பெயர் குப்பாயி. குப்பையை எமன் எட்டிப் பார்க்க மாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை.

நான் பள்ளிக்கூட வாத்தியார். இதெல்லாம் மூடத்தனம் என்று ஊருக்குச் சொல்கிறவன். ஆனால் இரண்டைப் புதைத்தவனுக்கு வாய் ஏது? ரோஷத்துக்கு ஒன்று மட்டும் செய்தேன். 'மறைந்திருப்பவள்' என்று பொருள்படும் அழகான பெயர் ஒன்றைத் தேடிப் பிடித்து, குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னேன். எமன் கண்ணில் படாமல் மறைந்தே இருக்கட்டும் என்றுதான். பள்ளியில் சேர்க்கும்வரை அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று மனைவி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு ஐந்து வயதானபோது, அறுபதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீரங்கம் சித்திரைத் தேருக்குப் போனோம். தேர் வடக்கு வீதிக்குத் திரும்பும்போது கூட்டம் நெருக்கித் தள்ளியது. திரும்பிப் பார்த்தால் என் விரலைப் பிடித்திருந்த கை இல்லை.

மனைவி அழவில்லை. "நான் ஆத்துப் பக்கம் பாக்குறேன், நீங்க மைக்குல சொல்லச் சொல்லுங்க" என்று காவிரிக்கரை அம்மா மண்டபத்தை நோக்கி ஓடினாள். காணாமல் போனவர்களை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் கொட்டகைக்கு நான் ஓடினேன். அங்கே எனக்குத் தெரிந்த தலைமையாசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"குழந்தை பேரு என்னங்க சார்?" என்று அறிவிப்பவர் கேட்டார்.

தலைமையாசிரியர் முன்னால் குப்பாயி என்று சொல்ல நாக்குக் கூசியது. காதில் சொன்ன பெயரைச் சொன்னேன். "நல்ல பேரு" என்றார் தலைமையாசிரியர். அந்த நிலைமையிலும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. அதை நினைத்தால் இன்றும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு மணி நேரம் அந்தப் பெயரும், ஐந்து வயதும், பச்சைப் பாவாடையும் நான்கு வீதிகளிலும் அலறின. காணாமல் போன வேறு மூன்று பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து, முதுகில் ஒன்று வைத்து, கட்டிக்கொண்டு அழுது, கூட்டிப்போனார்கள். தேர்ச்சக்கரம், கோயில் குளம், பிள்ளை பிடிக்கிறவன் என்று ஒவ்வொன்றாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இதையும் எடுத்துக்கொண்டாயா என்று கோபுரத்தைப் பார்த்துத் திட்டினேன். ஒளித்து வைத்த பெயரை வெளியே விட்டதால்தான் எமன் வந்துவிட்டான் என்று, மூடத்தனத்தைக் கண்டித்த வாத்தியாரான நானே நம்பினேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி திரும்பி வந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பேரு அவளுக்கு எப்படிங்க தெரியும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைக்குழந்தையின் காதில் சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் அதைக் கேட்டதில்லை. மனைவி யாரையும் கேட்காமல் மைக்கை வாங்கினாள்.

"குப்பாயி, அம்மா இங்க இருக்கேன். வாம்மா குப்பாயி."

கூப்பிடு தூரத்தில் இருந்த நீர்மோர்ப் பந்தலிலிருந்து ஒரு பெண் அவளைக் கூட்டிவந்தாள். "நீதானான்னு அப்பவே கேட்டேங்க. அது நான் இல்ல, என் பேரு குப்பாயின்னா. அப்பா இங்கதான் வருவாருன்னு நகரவே மாட்டேன்னுட்டா."

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். மேலெல்லாம் மோர் வாசனை. கொஞ்ச தூரம் நடந்ததும் கேட்டாள்.

"அப்பா, மைக்குல ஒரு புள்ளையத் தேடிக்கிட்டே இருந்தாங்களே, பாவம். அது கெடைச்சிருச்சா?"