மூன்று கூடாரக் கப்பல்

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: பாடசாலை அதிபர், கொழும்பிலிருந்து வந்த திட்ட அலுவலர் அம்மா, பழைய மாணவர் சங்கத் தலைவராகவும் சந்தியில் போன் கடைக்காரராகவும் இருப்பவர், கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து அழைக்கப்பட்ட எங்கள் தெருத் தகப்பன்மார், சில தாய்மார், சவுதியில் கார் ஓட்டிவிட்டு வந்த என் மாமா, என் அப்பா, அப்பாவுக்கு வாசித்துச் சொல்ல நான். வராதவர் என் அம்மா. கருவாடு காயப் போட்டிருந்தார். "எந்தப் பாசையைப் படிச்சாலும் என்னட்டை அவன் சோறு கேக்கிறது தமிழிலதானே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்னொருவரும் வரவில்லை. பாடசாலையில் எந்த வெளிநாட்டு மொழியைப் படிப்பிப்பது என்று முடிவெடுக்கக் கூடியிருந்த எங்களுக்கு, அதைப் படிப்பிக்கப் போகிறவர் எங்கே என்று கேட்கத் தேநீர் வரும்வரை தோன்றவில்லை. தேநீர் வந்த பிறகும் தோன்றவில்லை. கூடவே பற்றீஸ் வந்துவிட்டது.

எனக்கு அந்தக் கூட்டம் விளையாட்டல்ல. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்திருந்த நேரம். எங்கள் குடும்பத்தில் பரீட்சை மண்டபத்துக்குள் போன முதல் ஆள் நான். அதை அப்பா பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தார். ஆனால் பெருமையை வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குப் போக ஏலாது. அங்கே அவருக்கு ஒரு கை குறைந்தது. ஆகவே என்னிடம் ஓர் ஒப்பந்தம் பேசினார்.

"இன்னும் ரெண்டு வருசம் படிக்கிறதெண்டால் ஒரு கப்பல் உன்னைக் கூப்பிடுற மாதிரி ஏதாவது படி. இல்லாட்டி வள்ளத்தில ஏறு."

உயர்தரத்தில் நான் படிக்க விரும்பிய தமிழும் புவியியலும் வரலாறும் எந்தக் கப்பலையும் கூப்பிட வைக்காது என்று இருவருக்கும் தெரியும். அந்த நேரத்தில்தான் ஒரு நிறுவனம் எங்கள் பாடசாலையைத் தேடி வந்தது. பெற்றோர் எந்த மொழியைக் கேட்கிறார்களோ அந்த மொழியைச் சனிக்கிழமைகளில் இலவசமாகப் படிப்பிப்பார்களாம். எங்கள் மாவட்டத்துக்குத் திட்டங்கள் இப்படித்தான் வரும், கச்சான் காற்றுப்போல, கேட்காமலே.

அப்பா எதையும் ஆராயாமல் முடிவெடுப்பவரல்லர். கூட்டத்துக்கு முந்திய வாரங்களில் என்னையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டுக் கிடந்த கப்பல்களின் பின்பக்கமாகப் போனார். கோதுமைக்கும் சீமெந்துக்கும் வருகிற கப்பல்கள். கடற்படைக்காரர் விசில் ஊதாத தூரத்தில் இயந்திரத்தைத் தணித்து, "வாசி" என்பார். கப்பலின் பெயருக்குக் கீழே அது எந்த ஊர்க் கப்பல் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அப்பாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆனால் அவற்றில் ஒரு சொல்லின் உருவம் அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது. அதில் மூன்று கூடாரங்கள் இருந்தன.

"இந்தா, மூண்டு கூடாரம். இது என்ன ஊர்?"

"பனாமா" என்றேன்.

ஆங்கிலத்தின் முதலெழுத்தை அவர் கூடாரமாகத்தான் கண்டார். சுனாமிக்குப் பிறகு நான் நடை பழகியதே கூடாரத்துக்குள். அதற்கு முன்பு சண்டைக் காலத்தில் அவரும் கூடாரத்தில் வளர்ந்தவர். கூடாரத்தை அடையாளம் காண எங்கள் ஆட்களுக்கு எழுத்தறிவு தேவையில்லை. மற்றக் கப்பல்களில் ஒற்றைக் கூடாரமோ இரட்டைக் கூடாரமோதான் இருந்தன. ஆகக் கூடுதலாக வந்தவை மூன்று கூடாரக் கப்பல்கள். இவ்வளவு கப்பல் வைத்திருக்கிற பனாமா எவ்வளவு பெரிய நாடாக இருக்க வேண்டும் என்று அப்பா வியந்தார். நானும் வியந்தேன். புவியியல் பரீட்சையில் எனக்கு ஏ சித்தி.

கூட்டத்தில் அதிபர் சீன மொழியை முன்மொழிந்தார். துறைமுகத்தைச் சீனாக்காரன் எடுக்கப் போகிறான் என்பது அவருடைய காரணம். எண்ணெய்த் தாங்கிகளை இந்தியாக்காரன் எடுத்துவிட்டான், ஆகவே ஹிந்திதான் என்று ஒரு தகப்பன் மறித்தார். எங்கள் துறைமுகத்தை அடுத்து யார் எடுப்பான் என்று பார்த்து மொழியைத் தெரிவு செய்கிற ஊர் உலகில் வேறு உண்டோ தெரியாது. முன்பு எடுத்தவர்கள் எல்லாரும் நாங்கள் அவர்களுடைய மொழியைப் படிக்கும்வரை காத்திருக்கவில்லை. வந்தார்கள், கதிரையையும் அலுமாரியையும் போட்டார்கள், இருந்தார்கள், போனார்கள்.

போன் கடைக்காரர் கொரிய மொழி என்றார். அங்கே வேலைக்குப் போக ஒரு சோதனை இருக்கிறது, சித்தியடைந்தால் சம்பளம் இலட்சக் கணக்கில். அந்த மண்டபத்தில் பேசப்பட்டவற்றில் உருப்படியான யோசனை அதுதான். ஆனால் அவர் தன் கடையின் மேல்மாடியில் கொரிய வகுப்புக்குப் பலகை மாட்டியிருந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஆகவே ஒருவரும் கைதூக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு யோசனை தோற்பதற்கு அது பிழையாக இருக்க வேண்டியதில்லை. அதைச் சொன்னவருக்கு இலாபம் இருந்தால் போதும்.

மாமா அரபு என்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் எழும்பவேயில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"நான் ஏழு வருசம் சவுதியில இருந்தனான். அரபு கதைச்சது பொலிசோட மட்டும். மிச்சம் எல்லாம் மலையாளம்."

சிரித்தார்கள். அதை நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். நானும் நினைத்தேன்.

பிறகு பின்வரிசையில் ஒரு தாய் எழும்பினார். சண்டைக் காலத்தில் கணவரைத் தொலைத்தவர், அவரைத் தேடும் கோப்போடு அலுவலகம் அலுவலகமாக அலைபவர். முதலில் பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பியுங்கள் என்று கேட்டார். அலுவலர் அம்மா மிகவும் கனிவாக, சிங்களம் வெளிநாட்டு மொழி இல்லையே, அது நம் நாட்டு மொழி, திட்டத்துக்குள் வராது என்று விளக்கினார்.

"அது சரி மிஸ். நீங்கள் ஒருக்கா என்னோட பொலிசுக்கு வந்து நிண்டு பாருங்கோ. எது வெளிநாடு எண்டு விளங்கும்."

சிங்கள ஆசிரியர் மாற்றலாகிப் போய், அந்த இடம் நிரப்பப்படாமலே கிடந்தது எல்லாருக்கும் தெரியும். அலுவலர் அம்மா எதையோ குறித்துக்கொண்டார். அதிபர் பற்றீஸ் தட்டை இன்னொரு முறை சுற்றிவரச் செய்தார்.

அப்போதுதான் அப்பா எழும்பி, பனாமாப் பாசை இருக்கிறதா என்று கேட்டார். தான் எண்ணிப் பார்த்ததைச் சொன்னார். மற்றக் கடற்றொழிலாளர்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். அவர்களும் அந்தக் கூடாரங்களைக் கண்டவர்கள்தான். அலுவலர் அம்மா போனில் தேடி, அங்கே பேசுவது ஸ்பானிய மொழி என்று அறிவித்தார். அவர் முகம் மலர்ந்தது. எல்லா மாவட்டங்களிலும் ஜப்பான், பிரெஞ்சு என்றே கேட்கிறார்களாம், இது அறிக்கையில் புதுமையாக இருக்குமாம். அது எந்தச் சோதனைக்கும் பாடமாக வராதே என்று அதிபர் முனகினார். சமூகத்தின் குரலுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று அலுவலர் அம்மா சொல்லிவிட்டார். சமூகத்தின் குரல் சற்று முன்பு சிங்களம் கேட்டபோது அவர் வேறு காதால் கேட்டிருக்க வேண்டும்.

இப்படியாகத் திருகோணமலைத் துறைமுகக் கரையில் நாங்கள் ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கினோம். எனக்கு இரண்டு வருடம் கிடைத்தது. அது போதும் என்று நான் வேறெதையும் கேட்கவில்லை.

ஆசிரியை கொழும்பிலிருந்து திரையில் தோன்றினார். நல்ல பிள்ளை, எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட. மூன்றாம் மாதம் அலுவலர் அம்மா பெரிய பதாகையோடு வந்தார், அதை எங்களைப் பிடிக்க வைத்துப் படமெடுத்தார், திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது என்றார். நாங்கள் அப்போது ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணப் பழகியிருந்தோம். பதாகை எங்களிடமே விடப்பட்டது. நல்ல தடித்த துணி. அப்பா அதை வள்ளத்தின் இயந்திரத்துக்கு மூடியாகக் கட்டினார். இன்றைக்கும் உப்புக்காற்றைத் தாங்குகிறது. திட்டத்தின் நிலையான பயன் என்று அறிக்கையில் எழுதக்கூடியது அது ஒன்றுதான்.

மற்றப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். நான் நிற்க ஏலாது. வகுப்பு நின்றால் ஒப்பந்தம் முறியும், ஒப்பந்தம் முறிந்தால் வள்ளம். ஆசிரியையிடம் தனியாகக் காசு கட்டிப் படிக்கலாம் என்று தெரிந்தபோது, அப்பா ஒரு பழைய போன் வாங்கித் தந்தார். அதற்காகத் தன்னுடைய இரண்டாவது இயந்திரத்தை விற்றார். மாதா மாதம் டேட்டா போட்டார். போன் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் டேட்டா ஏற்றும்போது, "கொரியாவெண்டால் இதுக்குள்ள போயிருப்பான்" என்று சொல்லிக் காசை எடுத்துக்கொள்வார். கொழும்புக்குப் போய்ச் சான்றிதழ்ப் பரீட்சையும் எழுதினேன். சான்றிதழ் சட்டமிடப்பட்டு, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஏறியது. அம்மா அதற்கும் சேர்த்து விளக்கைக் காட்டினார்.

உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்க, ஒரு காலையில் அப்பா என்னை வெள்ளைச் சேட்டுப் போடச் சொல்லி வள்ளத்தில் ஏற்றினார். நேரே ஒரு மூன்று கூடாரக் கப்பலின் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். மேலே, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில், சிலர் கம்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கதை" என்றார் அப்பா.

நான் எழும்பி நின்று, இரண்டு கையாலும் வாயைக் குவித்து, "புவெனோஸ் தீயாஸ், செஞ்யோர்" என்று காலை வணக்கத்தைக் கத்தினேன். அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நான் என் பெயரையும், வயதையும், எனக்கு வேலை செய்ய விருப்பம் என்பதையும் பிழையில்லாமல் சொன்னேன். அந்த வசனத்துக்கு ஒரு மாதக் கட்டணம் போயிருந்தது. அவர்களில் ஒருவன் உள்ளே போய், கையில் கரண்டியோடு ஒரு மனிதரைக் கூட்டிவந்தான். சமையற்காரர். அவர் குனிந்து எங்களைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, சீலா மீனு கெடக்கா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"நீங்கள் பனாமாவோ?" என்று அப்பா கேட்டார்.

"பனாமாவா? நான் தூத்துக்குடி அண்ணாச்சி. முதலாளி கிரீஸ்காரன், கேப்டன் உக்ரைன், இந்தப் பயலுவ எல்லாம் பிலிப்பைன்ஸ். கொடி மட்டும் அங்கே காசு கட்டி வாங்குனது. வரி கொறைச்சல்லா."

சீலா இருந்தது. கயிற்றில் ஒரு வாளி இறங்கியது. மீன் மேலே போனது, இருபது டொலர் நோட்டு ஒன்று கீழே வந்தது. விலை பேசுவதில் அப்பாவுக்கு எந்தத் தடுமாற்றமும் இருக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு மொழி கப்பலில் வேலை செய்வதை நேரில் பார்த்தேன்.

திரும்பும்போது அப்பா டொலர் நோட்டை மடித்து மடியில் முடிந்தார். ஒப்பந்தம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. நாளைக்கு விடிய எந்த வலையை எடுத்துவைக்கச் சொல்வார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கொடியை வாடகைக்கு எடுக்கிறாங்களோ?" என்றார் கடைசியில். பிறகு, "சோதினை எப்ப?"

"இன்னும் மூண்டு மாசம்."

"எழுது. இவ்வளவைக் கொட்டிப்போட்டு நிப்பாட்டேலாது. வெளியில சொல்லாத."

கரையில் ஆட்கள் காத்திருந்தார்கள். மகன் கதைத்தானா என்று கேட்டார்கள். அப்பா பொய் சொல்லும் மனிதரல்லர்.

"ஓம், கதைச்சவன். அவங்களும் கதைச்சவங்கள்."

அடுத்த மாதமே போன் கடை மேல்மாடியில் கொரியப் பலகைக்குக் கீழே ஸ்பானியப் பலகை ஒன்றும் தொங்கியது. பிள்ளைகள் சேர்ந்தார்கள். பாடசாலையில் சிங்கள ஆசிரியர் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அந்தத் தாய் இன்னும் கோப்போடு போய்வருகிறார்.

நான் பரீட்சை எழுதினேன். தமிழும் புவியியலும் வரலாறும் என்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டன. கப்பல் எதுவும் கூப்பிடவில்லை. நான் புறப்படுவதற்கு முதல்நாள், பனாமாவுக்கு மொத்தம் எவ்வளவு போனது என்று கூட்டிச் சொல்லும்படி அப்பா கேட்டார். போன், டேட்டா, மாதக் கட்டணம், கொழும்புப் பயணம், சட்டம் எல்லாவற்றையும் கூட்டினேன். சீலா மீனுக்கு வந்த டொலரைக் கழித்துவிடட்டுமா என்று கேட்டேன். விடவில்லை.

"அது தமிழில வித்த காசு. அதைச் சேர்க்காத."

சேர்க்கவில்லை. ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபா.